வாசலுக்கு வெளியே நின்ற ஓவியர்கள்

1784ஆம் ஆண்டு லண்டனில் வெளியான கேப்டன் குக்கின் மூன்றாம் பயண நூலில், ‘நியூசிலாந்தில் ஒரு ஹிப்பாவின் (அரண் ஊரின்) உட்புறம்’ என்ற தலைப்போடு ஒரு செப்புத்தகட்டுப் படம் இருக்கிறது. கப்பலில் உடன் சென்ற ஓவியர் ஜான் வெபர் வரைந்த மூலத்திலிருந்து, பவுன்சி என்ற செதுக்குநர் அதைத் தகட்டில் செதுக்கினார். மரக்கம்பங்கள் நட்ட வேலி, அதற்குள் கூர்ங்கூரை வேய்ந்த தாழ்ந்த வீடுகள், வீடுகளுக்கு முன்னே நார்ப் போர்வைகளைப் போர்த்தி அமர்ந்திருக்கும், அந்நாட்டின் பூர்வகுடிகளான மாவோரி மக்கள், பின்னணியில் ராணி சார்லட் நீரிணையின் மலைகள் என்று அமைந்த படம் அது. தலைப்பு ‘உட்புறம்’ என்று சொன்னாலும், நாம் காண்பது அரண் வேலியின் உட்புறத்தை மட்டுமே. வீட்டின் உட்புறத்தை அந்தப் படம் காட்டவில்லை. வெபர் வாசலுக்கு வெளியே நின்று வரைந்தார். அவருக்கு முன்பு வந்தவர்களும், பின்பு வந்தவர்களில் பெரும்பாலோரும் அங்கேதான் நின்றார்கள்.

இந்தப் படங்களை அருங்காட்சியகங்களும் நூலகங்களும் இணையத்தில் ஏற்றியிருப்பதால், இன்று யாரும் கணினித் திரையில் பெரிதாக்கிப் பார்க்கலாம். அப்படிப் பல இரவுகள் பார்த்த பிறகு எனக்குள் உறுதிப்பட்ட ஒரு கருத்தை இங்கே எழுத விரும்புகிறேன். ஐரோப்பியப் பயணிகள் வரைந்த மாவோரி வீடுகளில், காட்சி எங்கே முதன்மை பெறுகிறதோ அங்கே வீடு தொலைந்துபோகிறது. ஒரு கணுவையோ ஒரு கட்டையோ ஒரு பலகையையோ ஓவியர் எங்கே பொறுமையாகப் பார்த்தாரோ, அங்கே மட்டும் வீடு நமக்குக் கிடைக்கிறது.

வெபரின் படம் இடம்பெற்ற அதே நூலிலேயே இதற்கு நல்ல சான்று உண்டு. அந்தப் பயணத்தில் அறுவை மருத்துவராக இருந்த வில்லியம் ஆண்டர்சன், மாவோரி வீடுகள் பரிதாபமான தங்குமிடங்கள் என்று ஒரே வரியில் தீர்ப்பளித்துவிட்டு, உடனே தாம் கண்டவற்றுள் சிறந்த ஒரு வீட்டை விவரிக்கத் தொடங்குகிறார். நீளம் ஏறக்குறைய 30 அடி, அகலம் 15 அடி, உயரம் 6 அடி. பக்கச் சுவர்களில் பெரியதும் சிறியதுமாக மாற்றி மாற்றி நட்ட தூண்கள் கொடிகளால் இறுகக் கட்டப்பட்டு, சிவப்பும் கறுப்பும் தீட்டப்பட்டிருந்தன. முகட்டு வளை வலுவாக இருந்தது. கூரையின் உள்வரிசைக் கோரைகள் ஒன்றுக்கொன்று இணையாக, மிகுந்த துல்லியத்தோடு அடுக்கப்பட்டிருந்தன. ஒரு முனையில் தவழ்ந்து நுழையும் அளவுக்குச் சிறிய சதுர வாசலும், அதன் அருகே புகை வெளியேற அதைவிடச் சிறிய திறப்பும் இருந்தன. பரிதாபம் என்று தொடங்கிய பத்தி, ஒரு தேர்ந்த தச்சரின் வேலையை அறிக்கையிடுவதாக முடிகிறது. ஆண்டர்சன் உள்ளே தவழ்ந்து சென்று பார்த்ததால்தான் கோரைகளின் வரிசை அவர் கண்ணில் பட்டது என்று நான் நம்புகிறேன்.

அந்தப் பயணத்திலேயே, 1777 பிப்ரவரியில், கப்பல்கள் நங்கூரமிட்டிருந்த ஷிப் கோவ் கரையில் இன்னொரு வகைக் குடியிருப்பையும் வெபர் வரைந்தார். மாவோரி மக்கள் மெரெட்டோட்டோ என்று அழைக்கும் இடம் அது. கப்பல்கள் வந்ததும் சுற்றுவட்டாரத்துக் குடும்பங்கள் படகுகளில் வந்து அங்கே கூடின. மீனும் கைவினைப் பொருட்களும் கொடுத்து இரும்பு வாங்கின. புதர் மண்டிக் கிடந்த நிலத்தில் ஒரு மணி நேரத்துக்குள் இருபதுக்கும் மேற்பட்ட குடில்கள் எழுந்ததைத் தாம் கண்டதாகவும், கட்டுமானப் பொருட்களில் ஒரு பகுதியை அவர்கள் உடன் கொண்டுவந்து, மீதியை அங்கேயே தேடிக்கொண்டதாகவும் குக் வியந்து எழுதியிருக்கிறார். அவை வணிகத்துக்காக வந்தவர்கள் சில நாட்களுக்கு அமைத்துக்கொண்ட குடில்கள். குக்கின் எழுத்தைப் படித்தவருக்கு இது விளங்கும். ஆனால் படம் மட்டும் தனியே பிரிந்து, ஐரோப்பாவெங்கும் வெவ்வேறு நூல்களில் மறுபடி மறுபடி செதுக்கப்பட்டுப் பரவியபோது, கப்பலின் வருகைக்காகவே முளைத்த ஒரு தற்காலிகச் சந்தை, மாவோரி மக்களின் நிரந்தர இல்லம் என்ற தோற்றத்தைப் பெற்றுவிட்டது. பார்க்க வந்தவரின் இருப்பே பார்க்கப்பட்டதை உருவாக்கியது என்பதைப் படத்தின் எந்த மூலையும் நமக்குச் சொல்வதில்லை.

தாழ்ந்த வாசல் ஐரோப்பியர்களை மிகவும் உறுத்தியிருக்கிறது. 1769-70இல் குக்கின் முதல் பயணத்தில் வந்த இயற்கையியலாளர் ஜோசப் பேங்ஸ், இந்த மக்கள் செய்யும் பொருட்களிலேயே கலைநயம் குறைந்தவை வீடுகள்தாம் என்றும், அவை ஐரோப்பாவின் நாய்க்கொட்டிலுக்குக்கூட ஈடாகா என்றும், கைகளையும் முழங்கால்களையும் ஊன்றித்தான் உள்ளே நுழைய முடியும் என்றும் நாட்குறிப்பில் எழுதினார். அந்த வீடு எதற்காக அப்படிக் கட்டப்பட்டது என்று அவர் கேட்டிருந்தால் பதில் எளிதாகக் கிடைத்திருக்கும். மாவோரி மக்களின் முன்னோர்கள் ஏறத்தாழ 13ஆம் நூற்றாண்டில் வெப்பமண்டலப் பொலினீசியத் தீவுகளிலிருந்து வந்தவர்கள். புதிய நாட்டின் குளிர்காலம் அவர்கள் முன்பு அறியாதது. அந்தக் குளிருக்கு அவர்கள் கண்ட விடைதான் ஃபாரேபுனி என்னும் உறங்கும் வீடு. தரையைச் சற்றே தோண்டித் தாழ்த்தி, சுவர்களுக்கு வெளியே மண்ணை அணைத்து, நம் ஊர் சம்பங்கோரையின் இனத்தைச் சேர்ந்த ராவுபோவை அடர்த்தியாகக் கட்டி, திறப்புகளை இயன்ற அளவு சிறிதாக்கி, நடுவே கல் பதித்த குழியில் தணலை வைத்தால், பலர் சேர்ந்து உறங்கும் அறை இரவு முழுவதும் வெதுவெதுப்பாக இருக்கும். உயரமான கூரையும் அகன்ற வாசலும் அந்த வெப்பத்தை வீணடித்துவிடும்.

பகல் வாழ்க்கை வீட்டுக்கு வெளியே நடந்தது. கூரையும் பக்கச் சுவர்களும் வாசலைத் தாண்டி முன்னே நீண்டு உருவாக்கும் முன்றிலில், மஹாவு என்று அவர்கள் அழைக்கும் இடத்தில், அமர்ந்து வேலை செய்தார்கள், பேசினார்கள். சமையல் ஒருபோதும் உறங்கும் வீட்டுக்குள் நடக்காது. தாப்பு எனப்படும் புனிதத் தடைக்கு உட்பட்ட இடமும் உணவு ஆக்கும் இடமும் கலக்கக் கூடாது என்பதால், கவுத்தா என்ற சமையல் கொட்டகை தனியே நிற்கும். பாதாக்கா என்ற களஞ்சியம் தூண்களின் மேல் உயர்ந்து நிற்கும். குமரா என்ற வள்ளிக்கிழங்கைக் காக்க நிலத்தில் குழிகள் இருக்கும். ஒரு குடும்பத்தின் ‘வீடு’ இப்படி நான்கைந்து கட்டடங்களாகப் பிரிந்து முற்றமெங்கும் பரவியிருந்தது. ஓவியர் அவற்றுள் ஒன்றை மட்டும் தேர்ந்து சட்டத்துக்குள் வைத்தபோது, வரவேற்பறையும் அடுக்களையும் பண்டகசாலையும் இல்லாத ஒரு வெற்றுக் குடிசை ஐரோப்பிய வாசகரின் முன் நின்றது. அவர் இரக்கப்பட்டதில் வியப்பில்லை.

முன்றிலைப் பொறுத்தவரை அந்த ஓவியங்களுக்கு நான் நன்றி சொல்ல வேண்டும். வட தீவின் தெற்குக் கோடியில், பாலிசர் விரிகுடாவை அடுத்த மொய்காவு பள்ளத்தாக்கில், தொல்லியலாளர்கள் அகழ்ந்தெடுத்த பல நூற்றாண்டுப் பழமையான ஒரு வீட்டின் தரையமைப்பிலும், ஒரு முனையில் முன்றில், உள்ளே கல் அணைத்த அடுப்புக்குழி என்ற அதே வடிவமே இருந்தது. குக்கின் ஓவியர்கள் வரைந்த முன்றில், அவர்கள் அழகுக்காகச் சேர்த்துக்கொண்ட கற்பனை அன்று. தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்த வடிவம் அது.

அரண்களின் கதை வேறு. வீட்டை இகழ்ந்த அதே பயணிகள் அரணைக் கண்டு மலைத்து நின்றார்கள். 1769 நவம்பர் 12 அன்று மெர்க்குரி விரிகுடாவில் ஃபாரேடாயேவா என்ற அரண் ஊருக்குள் சென்ற குக், அதன் அகழிகளையும் வேலிகளையும் அடி அடியாக அளந்து எழுதினார். சிறு படை பெரும் படையை எதிர்த்து நிற்க, ஐரோப்பாவின் சிறந்த பொறியாளரும் இதைவிட நல்ல இடத்தைத் தேர்ந்திருக்க முடியாது என்றார். கடற்படை அதிகாரியின் கண் தனக்குப் பழக்கமான கலையை உடனே அடையாளம் கண்டுகொண்டது. உறங்கும் வீட்டின் வெப்பக் கலையை அடையாளம் காணும் பயிற்சி அந்தக் கப்பலில் யாருக்கும் இருக்கவில்லை.

அதே நாளில் அவர்கள் கண்ட இன்னோர் அரண், அந்தப் பயணத்தின் மிகப் புகழ்பெற்ற படமாக மாறியது. கரையிலிருந்து பிரிந்து, கடல் ஏறும்போது நீர் சூழ்ந்து நிற்கும் ஒரு சிறு பாறை. அதன் நடுவே அலைகள் ஊடுருவிச் செல்லும் வளைவு. வளைவின் உயரம் நீருக்கு மேல் 20 கஜத்துக்குக் குறையாது என்று பேங்ஸ் கணித்தார். உச்சியில் வேலிக்குள் ஐந்தாறு வீடுகளுக்கு மட்டுமே இடம் இருந்தது. சிறகு இல்லாத உயிர் எதுவும் அங்கே ஏற முடியாது என்று தோன்றியதாக அவர் எழுதினார். கப்பலின் ஓவியர்களான சிட்னி பார்க்கின்சனும் ஹெர்மன் ஸ்போரிங்கும் நியூசிலாந்துக் கரையில் கண்ட காட்சிகளை உழைத்து வரைந்தவர்கள். பத்தேவியாவில் (இன்றைய ஜகார்த்தாவில்) தொற்றிய நோயால், 1771 ஜனவரியில் இருவரும் கடலிலேயே இறந்தார்கள். கோட்டுப்படங்கள் மட்டுமே லண்டன் சேர்ந்தன. முதல் பயணத்தின் குறிப்புகளை ஹாக்ஸ்வொர்த் என்ற எழுத்தாளர் தொகுத்து 1773இல் வெளியிட்ட நூலில், துளைபட்ட பாறையின் மேல் அமைந்த அரண் ஊர் என்ற படம் இடம்பெற்றபோது, அதன் தலைப்பு ஊர் இருக்கும் இடத்தை டொலாகா என்று குறித்தது. மெர்க்குரி விரிகுடாவில் இருந்த ஊர், அச்சுக்கூடத்தில் வேறொரு விரிகுடாவுக்கு இடம்பெயர்ந்துவிட்டது. திருத்திச் சொல்லக் கப்பல் ஓவியர்கள் உயிரோடு இல்லை. அதைவிட முக்கியமாக எனக்குப் படுவது வேறு: அந்தப் படத்தில் பாறை வளைவுதான் நாயகன். மனிதர் உறங்கிய வீடுகள் உச்சியில் சில கீறல்களாகச் சுருங்கிவிட்டன. இயற்கையின் விந்தையை விரும்பிய வாசகருக்கு அது போதுமானதாக இருந்தது.

இரண்டாம் பயணத்தின் ஓவியர் வில்லியம் ஹாட்ஜஸ், 1773இல் டஸ்கி நீரிணையின் மழையையும் அருவியையும் ஒளியையும் வரைந்த விதத்துக்கு ஈடு சொல்ல அந்தக் காலத்தில் வேறு எவரும் இல்லை. ஆனால் வீடுகள் அவர் மனத்தைப் பெரிதாகக் கவரவில்லை. இவர் 1780இல் சென்னைக்கு வந்திறங்கி, ஹைதர் அலியின் போரால் நகரைவிட்டு அதிகம் வெளியேற இயலாமல் தங்கியிருந்தவர் என்பது தமிழ் வாசகருக்கு ஆர்வமூட்டலாம். 1827இல் நியூசிலாந்து சென்ற அகஸ்டஸ் ஏர்லும் அங்கிருந்து திரும்பிய பிறகு சென்னைக்கும் புதுச்சேரிக்கும் வந்தவரே. ஏர்லின் படங்களில் எனக்கு மதிப்பு அதிகம். அவர் ஹோக்கியாங்காவிலும் தீவுகள் விரிகுடாவிலும் மாதக்கணக்கில் வாழ்ந்தார். கொரோராரெக்காவின் தலைவர் தே ஃபாரேஉமுவின் பாதுகாப்பில் இருந்தார். அந்தத் தலைவரின் இல்லத்தை வரைந்து, அது யாருடையது என்பதையும் தலைப்பில் குறித்தார். பெயர் சொல்லி ஒருவரின் வீடாக ஒரு வீடு படத்துக்குள் வருவது, ‘நியூசிலாந்துக் குடிசை’ என்ற பொதுப்பெயரோடு வருவதிலிருந்து முற்றிலும் வேறானது.

பாரிஸ் நகரத்தைச் செதுக்கிப் புகழ்பெற்ற சார்ல் மெரியோன், இளமையில் பிரெஞ்சுக் கடற்படையின் ரைன் கப்பலில் நியூசிலாந்தின் அகாரோவா துறைமுகத்துக்கு வந்திருந்தார். 1845இல் அங்கே கண்ட களஞ்சியங்களையும் வீடுகளையும் அவர் தகட்டில் செதுக்கியது ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப் பிறகு, பாரிஸில் நோயுற்றிருந்த காலத்தில். அந்தப் படத்தில் இருப்பது பெரிதும் நினைவின் அகாரோவா.

ஜார்ஜ் ஃபிரெஞ்ச் ஆங்கஸைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 1844இல், 22 வயதில், நியூசிலாந்து வந்து வைகாட்டோ நிலப்பகுதியையும் டாவுப்போ ஏரியையும் சுற்றியலைந்து அவர் வரைந்த நீர்வண்ணங்கள், 1847இல் 60 வண்ணத் தகடுகள் கொண்ட பெருநூலாக லண்டனில் வெளிவந்தன. முந்தைய செப்புத்தகடுகளில் இல்லாத ஒன்று இவரிடம் உண்டு, அது சிவப்பு. ஆண்டர்சன் சொல்லில் மட்டும் சொன்ன அந்தச் சிவப்பு, கோகோவை என்ற செங்காவி, களஞ்சியங்களின் முகப்புப் பலகைகளிலும் தூண்களிலும் ஆங்கஸின் படங்களில்தான் பெரிய அளவில் கண்முன் வருகிறது. மானா தீவில் தே ராங்கிஹாயேட்டா என்ற தலைவர் எழுப்பிய ‘கை தாங்காட்டா’ என்ற வீட்டை அவர் வரைந்திருக்கும் தகட்டில், முகப்பின் இரு சாய்வுப் பலகைகளும் அவை சந்திக்கும் உச்சியில் நிற்கும் உருவமும் முதன்மை பெறுகின்றன. மாவோரி மக்களுக்கு அப்படிப்பட்ட வீடு ஒரு முன்னோரின் உடல்: உச்சியில் இருப்பது முகம், சாய்வுப் பலகைகள் கைகள், முகட்டு வளை முதுகெலும்பு, கைமரங்கள் விலா எலும்புகள். ஆங்கஸ் இந்த உறவை முழுமையாக உணர்ந்தாரோ இல்லையோ, அவருடைய தூரிகை அந்த உடலின் உறுப்புகளைத் தவறவிடவில்லை.

ஆனால் இந்தப் படங்கள் எப்படி எடுக்கப்பட்டன என்பதை மறக்க எனக்கு மனம் வரவில்லை. தாப்புக்கு உட்பட்ட கட்டடங்களையும் செதுக்கல்களையும் வரைவதற்குப் பல இடங்களில் எதிர்ப்பு எழுந்ததை ஆங்கஸே எழுதியிருக்கிறார்; சில வேளைகளில் அவர் மறைந்திருந்து வரைந்தார். உரியவர்கள் வேண்டாம் என்றதை மீறிக் கொண்டுவரப்பட்ட படம் எவ்வளவு அழகாக இருந்தாலும், அந்த மீறல் அதில் தங்கியிருக்கிறது. அதே சமயம், டாவுப்போ ஏரியின் தென்கரையில் தே ராப்பா என்ற ஊரில், பிரிட்டிஷ் அரசுடனான வைத்தாங்கி ஒப்பந்தத்தில் கையெழுத்திட மறுத்த பெருந்தலைவர் தே ஹெயுஹெயுவின் விருந்தினராக ஆங்கஸ் தங்கி வரைந்த வீடுகள், இரண்டே ஆண்டுகளில் இல்லாமல் போயின. 1846 மே மாதத்தில் மலைச்சரிவு இடிந்து விழுந்து, தே ஹெயுஹெயுவும் ஏறத்தாழ 60 பேரும் சேற்றில் புதையுண்டார்கள். அந்த ஊரின் வீடுகளைப் பார்க்க இன்று நமக்கு ஆங்கஸைத் தவிர வழி அதிகம் இல்லை. இந்த இரண்டு உண்மைகளையும் ஒன்றால் மற்றொன்றைத் தள்ளிவிட என்னால் முடியவில்லை.

அழிந்துகொண்டிருக்கும் ஓர் இனத்தின் கடைசிச் சின்னங்களைக் காப்பாற்றுகிறோம் என்ற எண்ணம் அக்காலப் படநூல்களின் அடியில் ஓடிக்கொண்டிருந்தது. அதை மறுக்க ஒரே ஒரு கட்டடம் போதும். ஆங்கஸ் ஊர் ஊராக வரைந்துகொண்டிருந்த அதே 1840களின் தொடக்கத்தில், இன்றைய கிஸ்போர்ன் நகருக்கு அருகே, ராஹாருஹி ருகுப்போ என்ற தலைமைச் சிற்பி, இறந்த அண்ணனின் நினைவாகத் ‘தே ஹவு கி தூராங்கா’ என்ற பேரில்லத்தை உருவாக்கினார். இரும்பு உளி கைக்கு வந்ததும் மாவோரி சிற்பம் மேலும் ஆழமாகவும் பெரிதாகவும் வளர்ந்தது என்பதற்கு அந்த வீட்டின் ஒவ்வொரு பலகையும் சாட்சி. குக் காலத்துத் தாழ்ந்த வீட்டிலிருந்து, ஊரே கூடியமரும் செதுக்கப்பட்ட பெருவீடு மலர்ந்தது 19ஆம் நூற்றாண்டில்தான். 1867இல் அரசு அந்த வீட்டை உரியவர்களின் எதிர்ப்பை மீறிப் பெயர்த்தெடுத்துச் சென்றது. பிற்காலத்தில் அது வெலிங்டனில் தே பாப்பா அருங்காட்சியகத்தில் நிறுத்தப்பட்டது. நலிந்ததாகச் சொல்லப்பட்ட கலை உயிரோடு இருந்தது. அதன் ஆகச் சிறந்த படைப்பே பறிக்கப்பட்டது.

அந்தப் பெருவீட்டின் மூதாதை ஒன்றை 1769 அக்டோபரிலேயே பேங்ஸ் கண்டிருந்தார். ஊவாவா என்று மாவோரி மக்கள் அழைக்கும் டொலாகா விரிகுடாவில் போரேவா என்ற சிறு தீவு உண்டு. குக் அதற்கு ஸ்போரிங்கின் பெயரை இட்டார். அங்கே, கட்டி முடிக்கப்படாத, ஏறத்தாழ 30 அடி நீளமுள்ள ஒரு வீட்டுக்குள் மரச்சீவல்கள் இறைந்து கிடந்தன. மரம் அவ்வளவு சமமாகவும் வழுவழுப்பாகவும் இழைக்கப்பட்டிருந்ததால், இவர்களிடம் மிகக் கூரிய கருவிகள் இருப்பதில் ஐயமில்லை என்று பேங்ஸ் எழுதினார். பக்கத் தூண்கள் எல்லாம் சுருள் கோலங்களும் முறுக்கிய மனித முகங்களுமாகத் தேர்ந்த கையால் செதுக்கப்பட்டிருந்தன. அவை வேறோர் இடத்திலிருந்து கொண்டுவரப்பட்டவை போலத் தெரிந்ததால், இத்தகைய வேலைப்பாட்டை அவர்கள் மதித்துப் போற்றுகிறார்கள் என்றும் அவரே ஊகித்தார். நாய்க்கொட்டில் என்று பொதுப்படையாக எழுதிய அதே மனிதரின் குறிப்பு இது. ஹாக்ஸ்வொர்த் நூலின் செப்புத்தகடுகளில் இந்த வீடு இல்லை. பாறை வளைவுக்கு ஒரு முழுத் தகடு கிடைத்தது. போரேவாவின் வீட்டுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

இருந்தும், அந்தத் தீவிலிருந்து பௌபௌ எனப்படும் ஒரு சுவர்ப் பலகை கப்பலேறி இங்கிலாந்து வந்தது. 1771இல் ஜான் ஃபிரெடரிக் மில்லர் என்ற ஓவியர் லண்டனில் அதைத் தம் முன் வைத்து, பின்னணி இல்லாமல், மலையும் மனிதரும் இல்லாமல், பலகையை மட்டும் நேர்முகமாக வரைந்தார். நியூசிலாந்தைப் பார்த்திராதவர் அவர். காட்சி அமைக்க அவரிடம் எதுவும் இல்லை. கண்ணெதிரே இருந்த சுருள்களையும் உருவத்தின் கைகால்களையும் அப்படியே பின்பற்றினார். பலகை பிறகு கைமாறிக் கண் மறைந்தது. 1990களில் ஜெர்மனியின் ட்யூபிங்கன் பல்கலைக்கழகச் சேகரிப்பில் இருந்த ஒரு செதுக்குப் பலகையை, மில்லரின் அந்தப் படத்தோடு ஒப்பிட்டுத்தான் ஆய்வாளர்கள் அடையாளம் கண்டார்கள். ஊவாவாவின் தே ஐத்தாங்கா-ஆ-ஹாவிட்டி மக்கள் அதைத் தங்கள் முன்னோரின் வீட்டுப் பலகையாக ஏற்றுக்கொண்டார்கள். குக் வந்து 250 ஆண்டுகள் நிறைந்த 2019இல், அது இரவலாகக் கிஸ்போர்னின் தாய்ராஃபிட்டி அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தது.